கைம்பெண்களுக்கு ஒரு நிதி: ஸ்காட்லாந்துப் போதகர்களின் இறைநம்பிக்கையும் ஆயுள் கணக்கும்

ஸ்காட்லாந்துத் திருச்சபையின் போதகர்கள் இறந்துபோனால் அவர்களுடைய மனைவிமாரையும் பிள்ளைகளையும் காப்பாற்ற 1744ஆம் ஆண்டில் ஒரு நிதி தொடங்கப்பட்டது. ஆண்டுக்கு எத்தனை பேர் இறப்பார்கள் என்று கணித்து, அதற்கேற்பச் சந்தா வாங்கி, திரண்ட பணத்தை வட்டிக்கு விட்டு, அந்த வருவாயையும் சேர்த்து உதவித்தொகை கொடுத்த நிதி இது. இன்றைய ஆயுள் காப்பீடும் ஓய்வூதிய நிதிகளும் இயங்கும் முறை இதில்தான் முழு உருவம் பெற்றது. இதை வகுத்தவர்கள் வணிகர்களோ வட்டிக்கடைக்காரர்களோ அல்லர். ராபர்ட் வாலஸ், அலெக்சாண்டர் வெப்ஸ்டர் என்ற எடின்பரோ நகரப் போதகர்கள் இருவர். நாளைய தினம் கடவுளின் கையில் இருக்கிறது என்று ஞாயிறுதோறும் பிரசங்கித்தவர்களே நாளைய தினத்துக்கான கணக்கையும் போட்டார்கள். அவர்களுக்கு இவை இரண்டும் ஒரே கடமையின் இரு பகுதிகள்.

குருமனையின் துயரம்

1560இல் ஸ்காட்லாந்து கத்தோலிக்கச் சபையிலிருந்து பிரிந்து சீர்திருத்தச் சபையை ஏற்றது. அதுவரை குருமார் மணம் செய்துகொள்ளாதவர்கள். அவர்கள் இறந்தால் அனாதையாகக் குடும்பம் இல்லை. புதிய சபையின் போதகர்கள் மணந்துகொண்டார்கள், பிள்ளைகள் பெற்றார்கள். இதனால் முன்பு இல்லாத ஒரு துயரமும் வந்து சேர்ந்தது. போதகர் குடியிருந்த குருமனை சபைக்குச் சொந்தம். அவர் இறந்ததும் அடுத்து வரும் போதகருக்கு அதை ஒழித்துக் கொடுக்க வேண்டும். சம்பளமும் நின்றுவிடும். கணவனை இழந்தவள் அதே வேகத்தில் வீட்டையும் வருவாயையும் இழந்தாள்.

சட்டம் கொடுத்த ஆறுதல் சிறிது. இறந்த போதகரின் அரையாண்டுச் சம்பளம் அவர் குடும்பத்துக்குச் சேர வேண்டும் என்ற பழைய வழக்கத்தை 1672ஆம் ஆண்டுச் சட்டம் உறுதிசெய்தது. அந்தப் பணம் தீர்ந்தபின் உறவினரின் தயவும் சபைகள் திரட்டிய காணிக்கையும்தான் மிச்சம். ஊரில் ஏழைகளுக்கு உதவி வழங்குவதை மேற்பார்த்த மனிதரின் மனைவியே அந்த உதவிக்குக் கைநீட்டும் நிலை வந்தது. இளம் வயதில் இறந்த போதகர்களின் பிள்ளைகள் படிப்பை விட்டார்கள். இத்தகைய குடும்பங்களைக் கண்ணெதிரே பார்த்தவர்கள்தான் நிதியைப் பற்றி யோசிக்கத் தொடங்கினார்கள்.

வேதத்தின் இரு குரல்கள்

வருங்காலத்துக்குப் பணம் சேர்ப்பது நம்பிக்கைக் குறைவா என்ற கேள்வி கிறிஸ்தவர்களிடையே பழையது. நாளையைக் குறித்துக் கவலைப்படாதிருங்கள், காட்டுப் பூக்களையும் வானத்துப் பறவைகளையும் பாருங்கள் என்று இயேசு மலைப்பிரசங்கத்தில் சொல்கிறார். அனாதைகளைத் தாமே உயிரோடு காப்பதாகவும் விதவைகள் தம்மை நம்பலாம் என்றும் கடவுள் வாக்களிப்பதாக எரேமியா தீர்க்கதரிசி எழுதுகிறார். நாளை இன்ன ஊருக்குப் போய் இன்ன லாபம் ஈட்டுவோம் என்று பேசுகிறவர்களை யாக்கோபின் நிருபம் கண்டிக்கிறது; கடவுளுக்குச் சித்தமானால் என்று சொல்லப் பழகுங்கள் என்கிறது.

இதே வேதத்தில் மற்றக் குரலும் உண்டு. எகிப்தில் யோசேப்பு ஏழு செழிப்பான ஆண்டுகளின் தானியத்தைச் சேமித்து ஏழு பஞ்ச ஆண்டுகளைக் கடக்க வழிசெய்கிறான். அதைக் கடவுள் காட்டிய வழியாகவே ஆதியாகமம் சொல்கிறது. கோடையில் உணவு சேர்க்கும் எறும்பிடம் போய்க் கற்றுக்கொள் என்று நீதிமொழிகள் சோம்பேறிக்குச் சொல்கிறது. கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடமாட்டானா என்று இயேசுவே கேட்கிறார். தன் வீட்டாரைக் காப்பாற்றாதவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்று பவுல் தீமோத்தேயுவுக்குக் கடுமையாக எழுதுகிறார்.

இந்த இரண்டு குரல்களையும் சேர்த்துப் பிடிக்கும் கோட்பாடு ஸ்காட்லாந்துத் திருச்சபையிடம் முன்பே இருந்தது. அச்சபை 1647இல் ஏற்ற வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையின் ஐந்தாம் அதிகாரம் கடவுளின் பராமரிப்பைப் பற்றியது. கடவுள் வழக்கமாகத் தம் காரியங்களை ஏதுக்களின் வழியே நடத்துகிறார், ஆனால் அந்த ஏதுக்களுக்குக் கட்டுப்பட்டவர் அல்லர் என்பது அதன் சாரம். உழவு இல்லாமல் விளைச்சலைக் கேட்பது நம்பிக்கை ஆகாது. உழுததாலேயே விளைந்தது என்பதும் உண்மை ஆகாது. கைம்பெண்களைக் காப்பேன் என்ற வாக்கும் ஏதாவது ஒரு வழியில்தான் நிறைவேற வேண்டும். அந்த வழியை அமைப்பது மனிதனின் வேலை.

இறப்பிலும் ஓர் ஒழுங்கு

எந்த மனிதன் எப்போது இறப்பான் என்பதை எவராலும் சொல்ல முடியாது. ஆனால் பெருங்கூட்டத்தில் ஆண்டுதோறும் எத்தனை பேர் இறப்பார்கள் என்பது பெரிதும் மாறுவதில்லை. இந்த உண்மை 17ஆம் நூற்றாண்டில்தான் தெளிவாகத் தெரியவந்தது. லண்டன் வணிகர் ஜான் கிரான்ட் 1662இல் அந்நகரின் வாராந்தர இறப்புப் பட்டியல்களைத் தொகுத்து ஆராய்ந்தார். அன்றைய ஜெர்மானிய நகரமான பிரெஸ்லாவில் காஸ்பர் நாய்மன் என்ற லுத்தரன் போதகர் 1687 முதல் 1691 வரையான பிறப்பு இறப்பு விவரங்களைச் சேகரித்தார். மனித வாழ்வில் 7, 9 ஆகிய எண்களின் மடங்காக வரும் வயதுகள் கண்டமானவை என்ற மூடநம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை என்று காட்டுவது அவர் நோக்கம். அந்த விவரங்கள் லண்டன் ராயல் சொசைட்டிக்கு வந்து சேர்ந்தன. வால்நட்சத்திரத்தால் பெயர் பெற்ற எட்மண்ட் ஹாலி அவற்றைக் கொண்டு 1693இல் ஓர் ஆயுள் அட்டவணையை வெளியிட்டார். அதன்படி முதல் வயதில் 1,000 பேர் இருந்தால் 20ஆம் வயதில் 598 பேரும், 50ஆம் வயதில் 346 பேரும், 70ஆம் வயதில் 142 பேரும் எஞ்சுவார்கள்.

இந்த எண்களைக் கண்ட பக்தியுள்ளவர்கள் கடவுளை மறக்கவில்லை. ஸ்காட்லாந்தில் பிறந்த மருத்துவர் ஜான் ஆர்பத்நாட், லண்டனில் 82 ஆண்டுகளாகத் தொடர்ந்து ஆண் குழந்தைகளே சற்று அதிகமாக ஞானஸ்நானம் பெற்றதைக் கணக்கிட்டு, இது தற்செயல் அல்ல, கடவுளின் பராமரிப்புக்குச் சான்று என்று 1710இல் எழுதினார். பிரஷ்யப் போதகர் யோகான் பீட்டர் சூஸ்மில்க், பிறப்பிலும் இறப்பிலும் காணும் ஒழுங்கைத் தெய்வ ஒழுங்கு என்றே பெயரிட்டு 1741இல் ஒரு நூலை வெளியிட்டார். இவர்களின் பார்வையில் இறப்பை எண்ணுவது கடவுளின் ரகசியத்தில் தலையிடுவது அன்று. அவர் உலகில் வைத்திருக்கும் நிலையான ஒழுங்கைப் படிப்பது. ஒழுங்கு நிலையாக இருக்கும் என்று நம்பாதவன் கணக்குப் போடவே மாட்டான். யார் போவார் என்பது கடவுளுக்கு மட்டுமே தெரியும். எத்தனை பேர் போவார்கள் என்பதை மனிதன் அறிந்து ஆயத்தமாகலாம். ஸ்காட்லாந்து நிதி இந்த அடித்தளத்தின்மேல் எழுந்தது.

இரண்டு போதகர்கள், ஒரு பேராசிரியர்

ராபர்ட் வாலஸ் 1697இல் பிறந்தவர். கணிதத்தில் தேர்ந்தவர், மக்கள்தொகை பற்றி ஆழ்ந்து சிந்தித்தவர். 1753இல் வெளியான அவருடைய மக்கள்தொகை ஆய்வு, தத்துவ அறிஞர் டேவிட் ஹியூமுடன் நடந்த ஒரு பெரிய விவாதத்தின் பகுதி. பின்னாளில் பொருளியல் அறிஞர் மால்தஸ் மக்கள்தொகை பற்றிய தம் புகழ்பெற்ற கட்டுரையில் வாலஸின் கருத்துகளை எடுத்துப் பேசினார். இயற்கையையும் கடவுளின் பராமரிப்பையும் சேர்த்து ஆராயும் நூல் ஒன்றையும் வாலஸ் 1761இல் வெளியிட்டார்.

அலெக்சாண்டர் வெப்ஸ்டர் 1707இல் எடின்பரோவில் பிறந்தவர், போதகரின் மகன். தந்தை பணியாற்றிய டோல்பூத் சபைக்கே 1737இல் போதகராக வந்தார். எழுப்புதல் பிரசங்கத்தில் ஊறியவர். 1742இல் கிளாஸ்கோவுக்கு அருகே கேம்பஸ்லாங் என்ற ஊரில் பல்லாயிரம் பேர் கூடி அழுது மனந்திரும்பிய பெரும் எழுப்புதல் நடந்தபோது, அது தூய ஆவியின் நேரடிச் செயலே என்று வாதாடிச் சிறுநூல் எழுதினார். அதே காலத்தில்தான் நாடு முழுவதும் உள்ள சபை மண்டலங்களுக்குக் கடிதம் எழுதி, எத்தனை போதகர்கள் இறந்தார்கள், எத்தனை கைம்பெண்கள் எஞ்சினார்கள் என்ற விவரங்களைத் திரட்டிக்கொண்டிருந்தார். அன்று ஸ்காட்லாந்துத் திருச்சபையில் மிதவாதிகள் ஒருபுறமும் எழுப்புதல்காரர்கள் மறுபுறமும் நின்றார்கள். வாலஸ் முதல் பிரிவுக்கு நெருங்கியவர், வெப்ஸ்டர் இரண்டாம் பிரிவினர். கைம்பெண்களுக்கான கணக்கில் இருவரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள்.

மூன்றாமவர் எடின்பரோ பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் காலின் மக்லாரின். நியூட்டனுக்குப் பின் பிரிட்டனில் தலைசிறந்த கணித அறிஞராக மதிக்கப்பட்ட இவர் 1743இல் போதகர்களின் கணக்கைச் சரிபார்த்தார். கைம்பெண்களின் ஆயுளை அவர்கள் மதிப்பிட்ட முறையில் இருந்த குறையை ஹாலியின் அட்டவணையைக் கொண்டு திருத்தினார்.

கணக்கின் உள்ளே

திரட்டிய விவரங்களிலிருந்து கிடைத்த எண்கள் எளிமையானவை. எந்த ஒரு காலத்திலும் ஸ்காட்லாந்தில் சுமார் 930 போதகர்கள் இருப்பார்கள். ஆண்டுக்குச் சராசரியாக 27 பேர் இறப்பார்கள். அவர்களில் 18 பேர் மனைவியை விட்டுச் செல்வார்கள். மனைவி இல்லாமல் இறக்கும் 9 பேரில் 5 பேருக்கு அனாதைப் பிள்ளைகள் இருப்பார்கள். மனைவியை விட்டுச் செல்பவர்களிலும் 2 பேருக்கு முந்தைய மனைவியின் பிள்ளைகள் 16 வயது நிரம்பாமல் இருப்பார்கள்.

இந்த எண்களுக்குள் ஓர் ஆபத்து ஒளிந்திருந்தது. அதைக் கண்டுகொண்டதுதான் இந்தப் போதகர்களின் பெருமை. முதல் ஆண்டில் உதவி பெறுகிறவர்கள் 18 பேர் மட்டுமே. அடுத்த ஆண்டு இன்னும் 18 பேர் சேர்வார்கள். முன்பு சேர்ந்தவர்களில் சிலரே இறந்திருப்பார்கள். ஆகவே எண்ணிக்கை பல பத்தாண்டுகளுக்கு ஏறிக்கொண்டே போகும். புதிதாகச் சேர்கிறவர்களின் எண்ணிக்கையும் இறந்து விலகுகிறவர்களின் எண்ணிக்கையும் சமமாகும்போதுதான் ஏற்றம் நிற்கும். அந்தந்த ஆண்டின் வசூலை அந்தந்த ஆண்டே பங்கிட்டுக் கொடுக்கும் சங்கங்கள் தொடக்கத்தில் செழிப்பாகத் தோன்றிப் பின்னால் நொடிந்துபோவதற்கு இதுவே காரணம். முதல் தலைமுறைக் கைம்பெண்கள் தாராளமாகப் பெறுவார்கள்; கடைசியாக வருகிறவர்களுக்குப் பெட்டி காலியாக இருக்கும்.

ஸ்காட்லாந்துத் திட்டம் இதைத் தவிர்த்தது. போதகர் தமக்கு ஏற்ற வகுப்பைத் தேர்ந்துகொள்ளலாம். ஆண்டுக்கு 2 பவுண்டு 12 ஷில்லிங் 6 பென்ஸ் கட்டினால் அவர் மனைவிக்குப் பிற்காலத்தில் ஆண்டுக்கு 10 பவுண்டு கிடைக்கும். 3 பவுண்டு 18 ஷில்லிங் 9 பென்ஸ் கட்டினால் 15 பவுண்டு. 5 பவுண்டு 5 ஷில்லிங் கட்டினால் 20 பவுண்டு. 6 பவுண்டு 11 ஷில்லிங் 3 பென்ஸ் கட்டினால் 25 பவுண்டு. மனைவி இல்லாத நிலையில் பிள்ளைகளுக்கு மொத்தமாக ஒரு தொகை தரப்படும்.

எல்லாரும் 20 பவுண்டு வகுப்பைத் தேர்ந்ததாக வைத்துக்கொண்டால் கணக்கின் போக்கு விளங்கும். 930 பேரின் சந்தா ஆண்டுக்கு 4,880 பவுண்டைத் தாண்டும். முதல் ஆண்டில் 18 கைம்பெண்களுக்குத் தேவை 360 பவுண்டு. மிச்சம் பெருந்தொகை. அதைக் கண்டு உதவித்தொகையைக் கூட்டவோ சந்தாவைக் குறைக்கவோ எவருக்கும் ஆசை வரும். ஆனால் கைம்பெண்கள் 300 பேராகும் நாளில் தேவை 6,000 பவுண்டு. சந்தா மட்டும் போதாது. அன்றைக்குத் துண்டு விழாமல் தாங்க வேண்டுமானால் தொடக்க ஆண்டுகளின் மிச்சம் முழுவதும் சேர்ந்து, வட்டி ஈட்டும் மூலதனமாகியிருக்க வேண்டும். யோசேப்பு எகிப்தில் செய்ததும் இதுதான்: கண்முன் குவிந்திருக்கும் தானியம் இன்றைய உரிமை அல்ல, பின்னால் வரும் பசிக்கு உரியது.

சட்டமும் நடைமுறையும்

வாலஸ் 1743இல் திருச்சபையின் பொதுப்பேரவைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவ்வாண்டே பேரவை திட்டத்தை ஏற்றது. ஆண்டின் இறுதியில் அவர் லண்டன் சென்று அரசின் ஸ்காட்லாந்துத் தலைமை வழக்கறிஞரிடம் திட்டத்தைச் சமர்ப்பித்தார். 1744இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கியது. போதகர்களுடன் ஸ்காட்லாந்துப் பல்கலைக்கழகங்களின் பேராசிரியர்களும் இதில் சேர்க்கப்பட்டார்கள்.

சட்டத்தின் வலு இந்த நிதிக்குத் தேவைப்பட்டது. விருப்பமுள்ளவர்கள் மட்டும் சேரலாம் என்று விட்டால், நோயாளிகளும் வயதானவர்களும் முந்திக்கொண்டு சேர்வார்கள். உடல்நலம் உள்ள இளைஞர்கள் ஒதுங்குவார்கள். சராசரியை நம்பிப் போட்ட கணக்கு சரிந்துவிடும். தன் மனைவிக்கு இந்த உதவி தேவைப்படாமலே போகலாம் என்று அறிந்தும் ஒவ்வொருவரும் கட்ட வேண்டும். நெடுநாள் வாழ்ந்த போதகரின் சந்தா, இளமையில் இறந்தவரின் குடும்பத்துக்குச் சோறாயிற்று. ஒருவர் பாரத்தை ஒருவர் சுமப்பது என்ற பழைய கிறிஸ்தவ நெறி இங்கே ஆண்டுக் கணக்கேட்டில் நடைமுறையானது.

திரண்ட பணம் முதலில் இளம் போதகர்களுக்கு வட்டிக்குக் கடனாகக் கொடுக்கப்பட்டது. நிதி தொடங்கிய அடுத்த ஆண்டே, 1745இல், கிளர்ச்சி வெடித்து, அரியணை இழந்த ஸ்டூவர்ட் அரச குடும்பத்தின் இளவரசர் சார்ல்ஸின் படை எடின்பரோவில் நுழைந்தது. நகரின் பாதுகாப்பு அரண்களை அமைக்க உழைத்த மக்லாரின் உடல்நலம் கெட்டு 1746இல் இறந்தார். நிதி குலையவில்லை. வெப்ஸ்டர் 1748இல் கணக்கையும் அதன் அடிப்படைகளையும் அச்சிட்டு வெளியிட்டார். எவரும் சரிபார்க்கலாம் என்று திறந்து வைத்த இந்த நேர்மை நிதியின்மேல் நம்பிக்கையை வளர்த்தது. 1765இல் மூலதனம் 58,348 பவுண்டாக இருக்கும் என்று கணித்திருந்தார்கள். அந்த ஆண்டு வந்தபோது இருந்தது 58,347 பவுண்டு. பல ஆண்டுகளுக்கு முன் செய்த கணிப்பில் வித்தியாசம் ஒரே ஒரு பவுண்டு.

வெப்ஸ்டரின் எண்ணும் பணி இத்துடன் முடியவில்லை. 1755இல் சபைப் போதகர்களின் உதவியோடு ஸ்காட்லாந்தின் மக்கள்தொகையைக் கணக்கெடுத்தார். அவர் கண்ட தொகை 12,65,380. அரசின் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1801இல் நடப்பதற்கு முன் அந்நாட்டுக்குக் கிடைத்த நம்பகமான எண் இதுவே.

பிற நாடுகளில்

ஐரோப்பாவில் மனித உயிரின்மேல் காப்பீடு செய்வது அன்று நல்ல பெயர் பெற்றதன்று. பிரான்சின் 1681ஆம் ஆண்டுக் கடல்வணிகச் சட்டம் அதைத் தடைசெய்தது. இங்கிலாந்தில் முன்பின் அறியாதவர்களின் சாவின்மேல் பந்தயம் கட்டும் வழக்கம் இருந்தது. காப்பீடு செய்கிறவருக்கு அந்த உயிரில் உண்மையான அக்கறைக்குரிய தொடர்பு இருக்க வேண்டும் என்று 1774ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. இந்தச் சூழலில் போதகர்களின் நிதி சூதாட்டத்தையும் முன்னேற்பாட்டையும் பிரித்துக் காட்டியது. சூதாடி தற்செயலைத் தேடிப் போகிறான். முன்னேற்பாடு செய்கிறவன் தற்செயலால் விளையும் துன்பத்தைப் பலர் தோளில் பகிர்கிறான்.

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பிரெஸ்பிட்டேரியன் போதகர்கள் 1759இல் தங்கள் குடும்பங்களுக்காக இதே வகையில் ஒரு நிதியைப் பதிவுசெய்தார்கள். அந்நாட்டின் முதல் ஆயுள் காப்பீட்டு அமைப்பு அதுவே. ஆயினும் பொதுமக்களிடம், உயிருக்கு விலை வைப்பது கடவுளை அவமதிப்பது என்ற தயக்கம் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அங்கே வலுவாக இருந்தது. பின்னர் ஹென்றி வார்டு பீச்சர் போன்ற புகழ்பெற்ற போதகர்களே காப்பீட்டை ஆதரித்துப் பேசினார்கள். ஸ்காட்லாந்தில் போதகர் அல்லாதவர்களின் குடும்பங்களுக்கும் இத்தகைய காப்பு வேண்டும் என்ற எண்ணத்தில் 1815இல் ஸ்காட்டிஷ் விடோஸ் நிறுவனம் தொடங்கியது. அது இன்றும் இயங்குகிறது. போதகர்களின் பழைய நிதியும் 20ஆம் நூற்றாண்டிலும் நீடித்தது.

இந்தியாவில் 1818இல் கல்கத்தாவிலும் 1829இல் சென்னையிலும் தோன்றிய ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் பெரும்பாலும் ஐரோப்பியருக்காகவே நடந்தன. திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களிடையே 19ஆம் நூற்றாண்டிலேயே விதவைகளுக்கான நிதி ஏற்பட்டது. சபைப் பணியாளரின் குடும்பத்தைக் காப்பது என்ற அதே தேவை இங்கேயும் அதே வழியைத் திறந்தது. 1870இல் தொடங்கிய பம்பாய் மியூச்சுவல் இந்தியர்களையும் வழக்கமான கட்டணத்திலேயே சேர்த்துக்கொண்டது. 1956இல் ஆயுள் காப்பீட்டுத் தொழில் நாட்டுடைமையாக்கப்பட்டபோது உருவான ஆயுள் காப்பீட்டுக் கழகம் தன் இலச்சினையில் பொறித்துக்கொண்ட வாசகம் பகவத்கீதையின் ஒன்பதாம் அத்தியாயத்திலிருந்து எடுத்தது. தம்மையே நினைத்திருப்பவர்களின் நலத்தைத் தாமே சுமப்பதாகக் கண்ணன் தரும் வாக்கு அது. கடவுளின் வாக்கை ஏந்தி நிற்கும் அந்த அலுவலகங்களில் ஆயுள் அட்டவணையைப் பார்த்துத்தான் கட்டணம் விதிக்கிறார்கள்.

வரலாற்றில் இந்த நிதி பெற்ற இடம் இரண்டு வகையில் உறுதியானது. கணிதத்தால் நடத்தும் காப்பீடு நிலைத்து நிற்கும் என்பதை அது முதலில் நாடறியச் செய்தது. நம்பிக்கை மனிதனைச் சும்மா இருக்கச் செய்வதில்லை என்பதையும் காட்டியது. வாலஸும் வெப்ஸ்டரும் சாவின் நேரத்தை அறிய முயலவில்லை. அதைக் கடவுளிடம் விட்டார்கள். தங்கள் கைக்கு எட்டியதை, அதாவது எண்ணுதல், சேமித்தல், பகிர்தல் ஆகிய மூன்றையும், ஒரு குறையும் வைக்காமல் செய்து முடித்தார்கள். ஸ்காட்லாந்தின் குருமனைகளில் அடுத்தடுத்த தலைமுறைகளாகக் கணவனை இழந்த பெண்களுக்கு ஆண்டுதோறும் அந்தப் பணம் தவறாமல் போய்ச் சேர்ந்தது.